முன்வரிசைக்கு ஒரு பெண்

"பிள்ளைங்களை அனுப்ப முடியாதுன்னா நேராவே சொல்லிடுங்க மேடம். அமைச்சர்கிட்ட நான் அப்படியே சொல்லிடறேன்."

அமைச்சரின் பி.ஏ. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எதிரே நின்றிருந்தார் அரசு மாணவியர் விடுதி வார்டன்.

"நான் அப்படிச் சொல்லலையே சார்."

"பின்னே என்ன தயக்கம்? வள்ளலோட பிறந்தநாள். உங்க பிள்ளைங்க பூங்கொத்தோட நிக்கணும், ரெண்டு பாட்டு பாடணும், அவரோட உக்காந்து சாப்பிடணும். இந்தக் கட்டடமே அவர் போட்ட பிச்சை. மறந்துடாதீங்க."

ஊர் முழுக்க வள்ளல் என்று அழைக்கும் அந்தக் கோடீஸ்வரர் போன மாதம்தான் சிறையிலிருந்து வந்திருந்தார். பள்ளிச் சிறுமிகளிடம் அத்துமீறிய வழக்கு. தண்டனையில் பாதியை ஆஸ்பத்திரி ஏ.சி. அறையில் கழித்தார். மீதிப் பாதியை 'நன்னடத்தை' கழித்துவிட்டது.

"எல்லாம் பொய்க் கேஸ் மேடம்," என்றார் பி.ஏ. "காய்ச்ச மரத்துலதான் கல் விழும்."

வார்டன் கொஞ்சம் யோசித்தார்.

"அனுப்பறேன் சார். ஒரே ஒரு ஆசை. விழாவுக்குப் பெரியவங்க எல்லாம் வர்றாங்களே, அவங்க வீட்டுப் பொண்ணுங்களும் எங்க பிள்ளைங்களோட வரிசையில நிக்கட்டும். முன்வரிசையில அவங்க, பின்னாடி நாங்க. ஆதரவில்லாத பிள்ளைங்க மட்டும் நின்னா பார்க்க நல்லா இருக்காது."

'அட, பெரிய இடத்து சகவாசத்துக்கு அலையறியா?' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார் பி.ஏ. ஆனாலும் யோசனை பிடித்திருந்தது. பத்திரிகையில் படம் அழகாக வரும்.

ஆபீசுக்கு வந்ததும் போனை எடுத்தார். முதலில் ஓய்வுபெற்ற நீதிபதி.

"வள்ளல் சொக்கத் தங்கம்யா! நான் கண்டிப்பா வர்றேன்."

"பேத்தியையும் கூட்டிட்டு வந்தா…"

"பேத்தியா? அவளுக்கு… அன்னிக்குப் பல்லுக்குக் கம்பி கட்டணும். டாக்டர் கிடைக்கிறதே குதிரைக் கொம்பு."

அடுத்து பத்திரிகை முதலாளி. வள்ளலுக்காகத் தலையங்கமே எழுதியவர். அவர் மகளுக்குப் பரீட்சையாம். லீவு நாளில் என்ன பரீட்சை என்று பி.ஏ. கேட்கவில்லை.

துணைவேந்தர், "என் பொண்ணு அவ மாமா வீட்டுக்குப் போயிருக்காளே," என்றார். "அப்பா, போன்ல யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.

கடைசியில், சுற்றுப்பயணத்தில் இருந்த அமைச்சரையே கூப்பிட்டார்.

"ஐயா, நம்ம பாப்பாவை முன்வரிசையில…"

"அவ ரொம்பக் கூச்ச சுபாவம்யா. நாலு பேர் முன்னாடி நிக்கவே மாட்டா."

போன வாரம் பேச்சுப் போட்டியில் மேடை அதிரப் பேசிக் கோப்பை வாங்கியவள் அந்தப் பாப்பா. காரில் அழைத்துப் போனதே பி.ஏ.தான்.

"ஆமா, உன் பொண்ணு ஒன்பதாவதுதானே படிக்கிறா?" என்றார் அமைச்சர். "லட்சணமான பொண்ணு. அவளை முன்னாடி நிறுத்து. விருந்துல வள்ளல் பக்கத்துலயே உக்காரட்டும். அவர் மனசு வச்சா உன் குடும்பமே எங்கயோ போயிடும்."

பி.ஏ. போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பொய்க் கேஸ்தான். சொக்கத் தங்கம்தான். இருந்தாலும்…

"ஐயா… அவளுக்கு அம்மை போட்டிருக்கு."

தன் வாயிலிருந்து வந்தது தனக்கே விநோதமாகக் கேட்டது.

"அப்படியா? சரி விடு. விடுதிப் பிள்ளைங்களே போதும். நீயே போய் வேன்ல ஏத்திட்டு வா."

விழா நாளன்று விடுதி வாசலில் வேன் நின்றது. பெண்கள் ரிப்பன் கட்டி, பவுடர் பூசி, கலகலவென்று காத்திருந்தார்கள். வேனைப் பார்த்ததும் ஒரே ஆரவாரம்.

"பெரிய வீட்டுப் பெண்கள் எல்லாம் நேரா அங்கேயே வந்துடறாங்களா சார்?" என்று கேட்டார் வார்டன்.

"யாரும் வரலை."

"ஒருத்தர்கூடவா? உங்க மகளாவது…?"

பி.ஏ. வேன் கதவைப் பார்த்தபடி சொன்னார். "அவளுக்கு அம்மை."

வார்டன் அவர் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"அம்மை போட்ட வீட்டுலேருந்தா வர்றீங்க? இத்தனை பிள்ளைங்க நடுவுல வந்து நின்னுட்டீங்களே சார்! இனிமே இவங்கள்ல ஒருத்தியையும் வெளியே விட முடியாது. விடுதி விதி. வாட்ச்மேன், கேட்டைப் பூட்டு!"

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். ஒருத்தி ரிப்பனைப் பிடுங்கி எறிந்தாள். "இந்த ராட்சசிக்கு நாம சந்தோஷமா இருந்தா பொறுக்காதுடி!" என்று இன்னொருத்தி அழுதது வார்டன் காதில் நன்றாகவே விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டுக்கு வெளியே நின்ற பி.ஏ.வுக்கு ஏனோ மூச்சு லேசானது. போனை எடுத்தார். இந்தத் தடவை பொய் தடங்கலில்லாமல் வந்தது.

"ஐயா, என்னால விடுதியில எல்லாருக்கும் அம்மை தொத்தியிருக்குமோன்னு பயப்படறாங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர முடியாது."

"ஐயையோ! வள்ளலுக்கு ஒட்டிக்கிட்டா என்ன ஆகிறது? வேண்டவே வேண்டாம்," என்று பதறினார் அமைச்சர். "நீயும் கொஞ்ச நாளைக்கு என் வீட்டுப் பக்கம் வந்துடாதேய்யா. வயசுப் பொண்ணு இருக்கிற வீடு, நாமதானே ஜாக்கிரதையா இருக்கணும்!"