ஒரு கண் மட்டும்

"தறிக்குழியில உக்காந்து மூட்டு தேஞ்சவன் சபையிலயும் தரையிலதான் உக்காரணுமா? நாற்காலி போட்டே ஆவணும். பாய்தான் வேணும்னு அந்தச் சின்னதுரை கோஷ்டி ஜெயிச்சுதுன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து நாம சேத்துப்பட்டு சபைக்குப் போயிடலாம்" என்றார் அன்பரசு.

பத்தாவது படிக்கும் மகள் அமலாவுக்குப் போக மனமில்லை. அவளுடைய தோழிகள் எல்லாரும் இந்த ஆரணிச் சபையில்தான் இருந்தார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் சொன்னார்: "யாரு எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரிய வேணாம். எல்லாரும் ஜெபத்துல மாதிரி கண்ணை மூடிக்கினு கையை மட்டும் தூக்குங்க. மொதல்ல, பாய் வேணும்ன்றவங்க."

பயம் தாங்காமல் அமலா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அப்பாவின் கை மேலே இருந்தது!

"இப்ப நாற்காலி வேணும்ன்றவங்க."

கண்களை இறுக மூடிக்கொண்டு, சின்னதுரை கையை உயர்த்தினார்.

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ரெண்டும் சமம். பாதி பாய், பாதி நாற்காலி."

வாசலில் சின்னதுரை வம்புக்கு இழுத்தார். "இன்னாணா, சபை முழுக்க நாற்காலி போட்டுடலாம்னு பார்த்தியே!"

"உன் பாயும்தான் பாதியாயிடுச்சு, போடா!"

இருவரும் முறைத்துக்கொண்டே செருப்பைத் தேடினார்கள்.

சைக்கிளில் ஏறியதும் அமலா மெல்லக் கேட்டாள். "அப்போ சேத்துப்பட்டுக்குப் போறமாப்பா?"

"அங்க போயி நான் யாருகூடடி சண்ட போடுறது?"