ஒன்பதாம் பரிசு குக்கர்

ஆம்பூர் ஷூ கம்பெனி மன்றத்தில் போக்கர் போட்டி. பத்துப் பேர் மிச்சம், பரிசு ஒன்பது பேருக்குத்தான். மனைவி சஹருக்கு முஸம்மில் வாக்குக் கொடுத்த ஒன்பதாம் பரிசு குக்கர், ஜன்னல் வெயிலில் மின்னுகிறது. அவன் பந்தயம் கட்டும் தன் நான்கு தோல் வில்லைகளையும் இப்போதுதான் தோற்றிருக்கிறான். ஆனாலும் அடுத்த மேசையில் இதே சுற்று முடியவில்லை. அங்கே இரண்டே வில்லையோடு இருக்கும் ஆல்வினும் தோற்றால், சுற்றின் தொடக்கத்தில் அதிகம் வைத்திருந்த முஸம்மிலுக்கே குக்கர்; தப்பித்தால் முஸம்மில் பத்தாவது, வெறுங்கை. ஆல்வினோ பத்து நிமிடமாகச் சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். மின்விசிறி கிறீச்சிடுகிறது. “வைடா, பேஜார் பண்ணாத!” என்று கத்துகிறான் முஸம்மில். “இரு பாய், யோசிக்கிறேன்.” ஆல்வின் வில்லையைத் தள்ளுகிறான், திரும்ப இழுக்கிறான், கடைசியில் சீட்டை மல்லாத்தி வீசுகிறான். “நான் இந்த ஆட்டம் ஆடல.” மேசையில் இரண்டு ராஜா! “ரெண்டு ராஜாவ வச்சிக்கினா ஓட்ற?” “ராஜா இன்னாத்துக்கு பாய்? எனக்குக் குக்கர் போதும்.”