சிடிக்கு வைத்த பொட்டு

"சும்மா ஒரு கையெழுத்துதானே இளங்கோவா! உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்?"

முதலாளி சந்திரசேகரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இளங்கோவன் பேனாவை எடுக்கவில்லை.

பெங்களூர் அடுகோடியில் அவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் பன்னிரண்டு மிஷின். விண்டோஸ் சிடியோ ஒன்றே ஒன்று. அரதப் பழசு, அதுவும் ஒரே மிஷினுக்கு லைசென்ஸ் உள்ளது. அதையே பன்னிரண்டிலும் ஏற்றிவிட்டு, 'ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ் உண்டு' என்று சிஸ்டம் அட்மின் இளங்கோவன் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்.

மாட்டினால் கம்பி எண்ணப்போவது அவன். மாட்டேன் என்றால் வேலை போகும். சேர்ந்து நாலே மாதம். பெண் வீட்டார் வேறு அடுத்த வாரம் ஆபீஸைப் பார்க்க வருகிறார்கள்.

அன்று ஆயுத பூஜை. மற்றவர்கள் லீவு என்பதால், சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை ரிசப்ஷனிஸ்ட் ஆஞ்சலாவின் தலையில் விழுந்தது. கீபோர்டு, மவுஸ், யு.பி.எஸ். என்று ஒன்றையும் அவள் விடவில்லை. அந்தச் சிடியையும்தான். அதுவும் பளபளக்கும் பக்கத்தில், தாராளமாக.

தீபாராதனை முடிந்து கண்ணைத் திறந்த சந்திரசேகரன் அலறினார்.

"என்னம்மா இது! அந்தப் பக்கத்துலயா பொட்டு வைப்பாங்க?"

"நான் சர்ச்சுக்குப் போறவ சார். எந்தப் பக்கம்னு எனக்கு என்ன தெரியும்?"

"சரி சரி, சுத்தமா தொடச்சுக் கொண்டா!"

இளங்கோவன் எழுந்திருப்பதற்குள் அவள் சிடியோடு பேன்ட்ரிக்குள் போய்விட்டாள். இரண்டே நிமிடம். ஸ்டீல் நாரால் அழுத்தித் தேய்த்து, கழுவித் துடைத்து, பவ்யமாக நீட்டினாள்.

"ஒரு பொட்டுக் கறை இல்ல சார், பாருங்க."

கறை இல்லைதான். கோடுகள் இருந்தன, பெங்களூர் ரோடு மேப் மாதிரி. மிஷினில் போட்டால், கர் கர் என்று முனகிவிட்டு வெளியே துப்பியது.

நல்ல நாளும் அதுவுமாகப் பெண்பிள்ளையைத் திட்டக் கூடாது என்று சந்திரசேகரன் இளங்கோவனைத் திட்டித் தீர்த்தார். பிறகு இன்னொரு சிடி கேட்டுக் கடைக்குப் போன் போட்டார்.

"சிடியெல்லாம் இப்ப யார் சார் விக்கிறாங்க? மிஷினுக்கு ஒரு லைசென்ஸ்தான்" என்றான் கடைக்காரன். அழாத குறையாகப் பன்னிரண்டுக்கு ஆர்டர் கொடுத்தார்.

"திங்கட்கிழமை முடியட்டும், உன்னைக் கவனிச்சுக்கிறேன்" என்று இளங்கோவனிடம் உறுமிவிட்டுக் கிளம்பினார்.

கார் நகர்ந்ததும் இளங்கோவன் எகிறினான். "மூளை இருக்கா உங்களுக்கு? சிடியை யாராவது ஸ்டீல் நார்ல தேய்ப்பாங்களா? என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்க!"

ஆஞ்சலா நிதானமாகப் பொரியைக் கொறித்தாள்.

"எங்க வீட்டு நான்ஸ்டிக் தவா மேலயே நான் ஸ்டீல் நார் பட விடமாட்டேன், இளங்கோ."

"அப்புறம் ஏன்?"

"நீங்க கையெழுத்துப் போட வேண்டிய லெட்டரை டைப் அடிச்சவளே நான்தான். முதல்ல சார் தன் பேர்லதான் அடிக்கச் சொன்னார். வக்கீலைப் பார்த்துட்டு வந்தப்புறம்தான் உங்க பேரா மாத்தச் சொன்னார்."