உள்ளங்காலில் பிறை

வெள்ளைச் சட்டைக்காரர் சுகிர்தாவின் தோல் பட்டறைக்குள் வந்ததிலிருந்தே மூக்கைப் பொத்திய கைக்குட்டையை எடுக்கவில்லை. பிளாஸ்டரில் வார்த்த ஒரு பாதத்தை மேசைமேல் வைத்தார். "எங்க தலைவரோட காலு. நகம், வெடிப்பு எல்லாம் அப்பிடியே தோல்ல எடுத்துக் குடும்மா. ஆபீசுல வெச்சுக் கும்பிடணும்." சுகிர்தா நீட்டிய தண்ணீரை மட்டும் வேண்டாமென்று புறங்கையால் தள்ளினார்.

ஊறிய தோலை அச்சின்மேல் போர்த்தி அழுத்தினாள். வெதுவெதுவென்று உயிருள்ள சதைபோல வழுக்கியது. விரலிடுக்குகளில் கட்டைவிரலை விட்டு நீவ வேண்டியிருந்தது. கட்டிய புருஷனுக்கே கால் பிடித்துவிடாதவள் எவனுடைய பித்தவெடிப்பையோ தடவிக்கொண்டிருந்தாள். சொத்தை நகத்துக்கு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை இறுகி, உள்ளங்காலில் அவளுடைய கட்டைவிரல் நகம் பதிந்துவிட்டது. ஈரத்தோலில் பட்ட தடம் காய்ந்தபின் போகாது. தெரிந்தும் அப்படியே விட்டாள்.

வாங்க வந்த அன்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தவரின் கைக்குட்டை நழுவி விழுந்தது. "அடேயப்பா! உள்ளங்கால்ல பிறை! ராஜ ரேகைம்மா இது. அதான் தலைவரை எவனாலயும் அசைக்க முடியல!" பாதத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு அந்தப் பிறையில் உதட்டை வைத்து அழுத்தி முத்தமிட்டார். எச்சில் பளபளத்தது.

சுகிர்தா கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"ஊருக்கு ஊரு இதேமாதிரி வேணும். எல்லாத்துலயும் இந்தப் பிறை இருக்கணும், ஆமா!"

அவள் தோல் அறுக்கும் கத்தியை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்கவே, தன் கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டி எறிந்தாள்.