இயற்கை ஆர்வலர் மரியதாசன்

"பயப்படாமல் கதையுங்கோ. நீங்கள்தானே தலைவர்," என்று கணவனின் கோட்டில் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள் றோஸ்மேரி. மரியதாசனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஜூன் மாத வெக்கையில் நகரசபை மண்டபத்தில் ஒரு மின்விசிறிகூட இல்லை.

ஏரிக்கரைப் பாதுகாப்புக் குழுவின் தலைவராக அவர் சபையில் பேசப்போவது இதுதான் முதல்தடவை. படகுத்துறை கட்டும் கம்பனி ஒன்று கரையைக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. கொடுப்பதா இல்லையா என்று அன்று பின்னேரம் வாக்கெடுப்பு.

பத்தொன்பது வருஷம் குளிர்காலக் கோட்டுகள் தைத்த தொழிற்சாலை 2006 கடைசியில் மூடப்பட்டது. அதன் பிறகு மரியதாசன், வில்லரே பகுதியில் இருந்த தன் வீட்டு சோபாவை விட்டு எழும்பவில்லை. மாதா கோயில் பூசைக்குப் போனால் "வேலை கிடைச்சுதோ?" கடைக்குப் போனால் "இன்னும் கிடைக்கேல்லையோ?" அதனால் பூசையும் இல்லை, கடையும் இல்லை.

பெப்ரவரியில் ஒருநாள், தான் துப்புரவு வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலிருந்து றோஸ்மேரி ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்தாள்.

"ஒரு ஏரிக்கரையைக் காப்பாத்தக் குழு சேர்க்கினமாம். ஆள் தேவையாம். நீங்கள் தொழிற்சங்கத்தில செயலாளரா இருந்தனீங்கள்தானே?"

காகிதத்தில் 'நத்யூரிஸ்த்' என்று ஒரு சொல் இருந்தது. மரியதாசனுடைய பிரெஞ்சு, தமிழரும் கிரேக்கரும் நிறைந்த தொழிற்சாலையில் பொறுக்கிய பிரெஞ்சு. 'நேச்சர்' என்றால் இயற்கை. ஆகவே இவர்கள் இயற்கை ஆர்வலர்கள் என்று முடிவு கட்டினார்.

போய்ப் பார்த்தார். நூலக அறை ஒன்றில் பன்னிரண்டு பேர் தடித்த கோட்டும் பனிச்சப்பாத்துமாக இருந்து ஏரியில் நீந்தும் தாராக்களைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் சுதந்திரத்தைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அவருடைய வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்றாம் கூட்டத்தில், கையெழுத்து வாங்க யார் எந்தத் தெருவுக்குப் போவது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். ஐந்தாம் கூட்டத்தில் அவரையே தலைவராக்கிவிட்டார்கள். "கோயில் சனத்தை விடுங்கோவன்" என்று றோஸ்மேரி சொன்னதைக் கேளாமல், பூசை முடிந்து வந்தவர்களிடம் நூற்றிப் பதினான்கு கையெழுத்து வாங்கினார். "ஏரி ஆண்டவர் படைச்சதெல்லோ!" என்று அல்போன்சம்மா இரண்டு தரம் போட்டுக் கொடுத்தா.

குழுவின் செயலாளர் கத்தரின், எழுபது வயதுக்காரி, மண்டபத்துக்குள் வந்ததும் நேரே றோஸ்மேரியிடம் போய் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "போன்ஜூர், றோஸ்!" இந்த ஊர்ச் சனம் யாரைக் கண்டாலும் இப்படித்தான் என்று மரியதாசன் நினைத்துக்கொண்டார்.

கத்தரின் எழுதிக் கொடுத்த பேச்சைப் பிழையில்லாமல் வாசித்து முடித்தார். கைதட்டல் விழுந்தது. கம்பனியின் வழக்கறிஞர் சிரித்தபடி எழுந்து, திரையில் ஒரு படத்தைக் காட்டினார்.

ஏரிக்கரையில் ஒரு பலகை. 'இதற்கு அப்பால் உடை அணிவது கட்டாயமில்லை.' பலகைக்குப் பின்னால் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனிதர் போய்க்கொண்டிருந்தார். கையிலிருந்த குடையைத் தவிர அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. அந்த வழுக்கைத் தலையை மரியதாசனுக்குத் தெரியும். குழுவின் பொருளாளர். 'நத்யூரிஸ்த்' என்றால் உடுப்பில்லாமல் இருப்பவர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

"தலைவர் அவர்களே, கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் இது தெரியுமா?"

மரியதாசனுக்கு அல்போன்சம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் றோஸ்மேரி முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின.

"எங்கட ஆக்களுக்குத் தெரியாது," என்றார் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். "எனக்கே இப்பதான் தெரியும்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துக் கட்டிலிருந்து கோயில் சனத்தின் பக்கங்களை உருவி எடுத்துத் தன் பையில் வைத்தார்.

"இதைக் கணக்கில எடுக்காதேங்கோ. மிச்சத்தில என்ர பேர் இருக்கு. அது இருக்கட்டும்." கதிரையைப் பிடித்துக்கொண்டார். "பத்தொன்பது வருஷம் இந்த ஊருக்குக் கோட்டுத் தைச்சனான். வருஷத்தில அரைவாசி நாள் நீங்கள் அதைக் கழட்டுறேல்லை. மிச்ச நாளில ஒரு மூலையில எல்லாத்தையும் கழட்டிப்போட்டு இருக்க ஆசைப்பட்டா ஆருக்கு என்ன நட்டம்? வேலை போன என்னை இந்தக் குழு ஆக்கள் ஒருநாளும் மேலும் கீழும் பாக்கேல்லை. நான் மட்டும் ஏன் இவையைப் பாக்கோணும்?"

நாலுக்கு மூன்று. குத்தகை இல்லையென்று தீர்மானமானது. கத்தரின் அழுதாள். பொருளாளர் ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது மட்டும் மரியதாசன் கொஞ்சம் விறைத்துப்போய் நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் றோஸ்மேரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"றோஸ்மேரி, மாதாவாணை எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உம்மை அந்த மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பனே? சனத்துக்கு முன்னால உம்மை வெக்கப்படுத்திப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

றோஸ்மேரி கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தாள். சிரித்துச் சிரித்துத்தான் அந்தக் கண் சிவந்திருந்தது என்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

"ஏழு கோடையா அங்க நான் தனியத்தான் போறனான், நாளைக்கு நீங்களும் வாங்கோ, துடைக்கத் துவாய் ஒண்டு போதும்."