பேய்க்கு வசனம்

“செத்தவன் எப்படிய்யா பேசுவான்?” என்று பேயின் வசனத்தை மறுபடியும் பேனாவால் அடித்தார் டைரக்டர் கருணாகரன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெர்டேக்கா என்கிற மலேசிய சுதந்திர தின விழாவுக்கு நான் எழுதிய நாடகமே அந்தப் பேய் சொல்லும் உண்மையில்தான் நிற்கிறது.

“பேய் பிடிச்சவங்க வாய் ஓயாமப் பேசறாங்களே, அது யாரு சார்?”

“மேடையில முறைச்சாப் போதும்.”

“முறைக்கிறதுக்கு ஒரு பூனையைக் கட்டி வைங்க!”

நேராகப் பேய் வேஷக்காரரிடம் போனேன். மலாக்காவின் காஜா பேராங்கில் விழாவுக்கு மண்டபம் தந்த நடராஜா பிள்ளை. நெற்றி நிறைய விபூதி.

“ஐயா, நீங்களே சொல்லுங்க. பேய் பேச வேணாமா?”

அவர் சங்கடமாகச் சிரித்தார். “சாயா தாக் தாவு தமிழ்.”

தமிழ் தெரியாதாம். மலாக்கா செட்டி சமூகத்தவர்; தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக வீட்டில் மலாய்தான்.

பின்னாலேயே வந்த கருணாகரன் பல்லைக் கடித்தார். “மேடை ஏற ஆசைப்பட்டார். மண்டபம் கொடுத்தவர்கிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது?”

“அப்போ மலாய்லயே பேசட்டும்!” என்று கத்தினேன்.

விழாவன்று பேசினார். கைதட்டல் அடங்கவே இல்லை. பெருமையோடு திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன்.

முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை நடராஜா பிள்ளையின் சொந்தக்காரர்கள். என் நாடகத்தில் அவர்களுக்குப் புரிந்தது, பேய் பேசியது மட்டும்தான்.