மேலே நின்ற நீர்

ஊற்றிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று குழாயை மூடினாள். மூடி என்ன பயன்?

சென்ட்ரிஃபியூஜ் எந்திரம் சுற்றி நின்றதும் சோதனைக் குழாயில் மேலே தெளிந்த நீர், அடியில் வண்டல். இந்த ஆய்வகத்துக்குக் கோடைப் பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து அவள் பழகியது வண்டலில் தங்கும் ரகப் புரோட்டீன். நீரைக் கொட்டு, வண்டலை வை. கை யாரையும் கேட்காமல் அதையே செய்துவிட்டது.

இன்றையது செண்பகம் அக்காவின் ஆராய்ச்சி. இந்தப் புரோட்டீன் நீரில் கரைந்து நிற்பது. அக்கா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போயிருந்தாள்.

இந்த முறையும் கிடைக்காவிட்டால் தலைப்பையே மாற்றிவிடு என்று பேராசிரியர் அக்காவிடம் கறாராகச் சொல்லியிருந்தார். நான்கு வருட உழைப்பு.

சொல்லிவிடலாம். அக்கா வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம்.

அக்கா வந்தாள். கையில் அவளுக்கென்று வாங்கிய ரோஸ்மில்க்.

அதற்குள் அவள் வண்டலில் புதிதாக பஃபர் கரைசல் ஊற்றிக் கலக்கி, மறுபடி சுற்றி, மேலே தெளிந்ததை எடுத்து வைத்திருந்தாள். பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ரோஸ்மில்க்கை வாங்கி மேசை ஓரத்தில் வைத்தாள்.

மறுநாள் புரோட்டீன்களைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும், சாயமேற்றிய ஜெல்லை அக்கா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். மங்கலாகச் சில நீலக் கோடுகள். வர வேண்டிய கோடு மட்டும் இல்லை.

வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன் அழுவுற? நீ நல்லாத்தான் பண்ணியிருக்க. கோளாறு எங்கிட்டதான்."

அப்போதும் சொல்லியிருக்கலாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெல் தட்டைக் கழுவப் போனாள்.

பேராசிரியர் அறைக்குப் போய் வந்த அக்கா, உறைபெட்டியிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்தாள். அந்தப் புரோட்டீனை உண்டாக்கும் பாக்டீரியா, பனி படிந்த குட்டிக் குழாய்களில். புதுத் தலைப்புக்குப் பெட்டியில் இடம் வேண்டும். ப்ளீச்சிங் கரைசல் வாளியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீயே கொட்டிரும்மா. எனக்கு மனசு வரல."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் ஒவ்வொன்றாகத் திறந்து வாளியில் போட்டாள். நெடி கண்ணை எரித்தது. அழுவதற்கு அது ஒரு வசதி.

கடைசிக் குழாயில் கை நின்றது.

இது ஒன்று போதும். இதை வளர்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்துவிடலாம். செய்ய வேண்டியது அக்கா; அதற்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கோ பயிற்சி முடிந்து நாளைக்கு ஊருக்கு ரயில்.

"ஆச்சாம்மா எல்லாம்?"

அக்கா திரும்பவில்லை.

அவள் குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"ஆச்சுக்கா."

பனி உருகி விரலிடுக்கில் சொட்டியது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.